கோதுமையில் கிடக்கும் கறுப்பு விதையும் கிண்ணத்து ஓட்ஸும்: மாவு மில்லில் கேட்ட கேள்விகள்

காட்பாடிப் பக்கம் சின்னதாக ஒரு மாவு மில் வைத்திருக்கிறேன். கோதுமை, கேழ்வரகு, சத்துமாவு எல்லாம் அரைப்போம், மிளகாய்க்குத் தனி மெஷின். நான் படித்தது தாவரவியல். அந்தப் படிப்பு பிழைப்புக்கு உதவவில்லை என்றாலும் பழக்கம் விடவில்லை. கோதுமையில் பொறுக்கிய கறுப்பு விதைகளை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டுக் கல்லாப்பெட்டி மேல் வைத்திருக்கிறேன். பக்கத்தில் இன்னொரு பாட்டிலில் தீவன ஓட்ஸ் விதை. மாவு அரைபடும் வரை நிற்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகள்தான் இங்கே இருப்பவை.

கோதுமை புடைக்கும்போது கறுப்பாக, மயிரும் காலுமாக, செத்த பூச்சி மாதிரி ஒன்று வருகிறதே. என்ன அது?

பூச்சி இல்லை. அது காட்டு ஓட்ஸ் விதை. நம் ஊரில் விற்கிற கோதுமையில் பெரும்பகுதி பஞ்சாப், ஹரியானா, மத்தியப் பிரதேசம் பக்கமிருந்து வருகிறது. அங்கே கோதுமை வயலில் காட்டு ஓட்ஸ் பெரிய களை. இந்தியில் ‘ஜங்லி ஜய்’ என்பார்கள். அது கோதுமைக்கு முன்பே முற்றி, பெரும்பாலான விதையை வயலிலேயே கொட்டிவிடும். பின்தங்கி முற்றுகிற கதிரில் மிச்சம் இருப்பது அறுவடை மெஷினுக்குள் போய், மூட்டை ஏறி, இங்கே வந்து உங்கள் முறத்தில் விழுகிறது.

‘கால்’ என்று தோன்றுவது விதையின் முதுகிலிருந்து கிளம்பும் வால். நெல்லில் வால் நெல் என்று சொல்கிறோமே, அதே உறுப்புதான். நெல்லின் வால் நேராக இருக்கும், இது முழங்கால் போல மடங்கியிருக்கும். அதனால்தான் பூச்சி மாதிரி தெரிகிறது.

அப்படியென்றால் நாம் கஞ்சி வைத்துக் குடிக்கும் ஓட்ஸும் அதுவும் ஒன்றா?

ஒன்று இல்லை, ஆனால் பங்காளிகள். இரண்டும் அவினா என்ற ஒரே பேரினம். பயிராகும் ஓட்ஸ் அவினா சட்டைவா. காட்டு ஓட்ஸில் முக்கியமானது அவினா ஃபாட்டுவா. இரண்டுக்கும் 1753இல் பெயர் வைத்தவர் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். சட்டைவா என்றால் லத்தீனில் ‘விதைக்கப்படுவது’ என்று பொருள். ஃபாட்டுவா என்றால் ‘மூடத்தனமானது, உதவாதது’. பெயரிலேயே ஒருவருக்குப் பட்டு வேட்டி, இன்னொருவருக்குக் கந்தல். இத்தனைக்கும் உயிரணுவில் இரண்டுக்கும் நிறப்புரி (குரோமோசோம்) எண்ணிக்கை 42தான்.

மூன்றாவதாக ஒருவரும் இருக்கிறார், அவினா ஸ்டெரிலிஸ். இதுவும் காட்டு ஓட்ஸ்தான், இதற்கும் 42. வட இந்தியக் கோதுமை வயல்களில் அதிகம் தொல்லை தருவது இதன் உட்பிரிவான லுடோவிசியானா. ஆகவே உங்கள் முறத்தில் கிடப்பது ஃபாட்டுவாவா, ஸ்டெரிலிஸ் வகையா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த கேள்வி அதுதான்.

கையில் வைத்துப் பார்த்து எப்படிப் பிரிப்பது?

மூன்று விதைகளை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும், லென்ஸ் தேவையில்லை.

முதலில் அடிப்பக்கம். விதை தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த முனை அது. காட்டு ஓட்ஸில் அந்த இடத்தில் வழுவழுப்பான ஒரு குழி வடு இருக்கும், குதிரை லாடம் போல, சுற்றிலும் கொஞ்சம் தடித்த விளிம்போடு. அட்டைப்பூச்சியின் வாய் மாதிரி என்றால் இன்னும் பொருத்தம். பயிர் ஓட்ஸில் இந்த வடு கிடையாது. காம்பைப் பிய்த்த இடம் போல, ஒடிந்த சொரசொரப்பான முனைதான் இருக்கும். நிறம் ஏமாற்றும், மயிர் உதிர்ந்துபோகும், வால் ஒடிந்துவிடும், ஆனால் இந்த வடு பொய் சொல்லாது. ஒரே ஓர் அடையாளத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

அடுத்தது மயிர். காட்டு விதையின் அடியைச் சுற்றியும் உமியின் முதுகிலும் பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும். பயிர் விதை பெரும்பாலும் மழமழ என்று இருக்கும். வால் காட்டு ஓட்ஸில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு, கீழ்ப்பாதி கயிறு போல முறுக்கி, நடுவில் மடங்கி நிற்கும். பயிர் ஓட்ஸில் வாலே இருக்காது, இருந்தாலும் மெலிந்து நேராக இருக்கும். நிறத்தைக் கடைசியில் பாருங்கள். காட்டு விதை சாம்பல், பழுப்பு, கறுப்பு என்று பல நிறத்தில் வரும், பயிர் விதை வெளிர் மஞ்சள். ஆனால் வெளுத்த காட்டு விதையும் உண்டு, கறுத்த பயிர் விதையும் உண்டு.

ஃபாட்டுவாவையும் ஸ்டெரிலிஸையும் பிரிப்பதும் எளிதுதான். ஓட்ஸின் ஒவ்வொரு சிறுகதிரிலும் இரண்டு மூன்று விதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ஃபாட்டுவாவில் அவை தனித்தனியாகக் கழன்று விழும், ஒவ்வொன்றிலும் லாட வடு இருக்கும். ஸ்டெரிலிஸில் கொத்தாகச் சேர்ந்தே விழும். அடி விதையில் மட்டும் வடு, மேலே இருப்பது அதோடு ஒட்டிக்கொண்டு வரும். என் பாட்டிலில் இரண்டு வால் நீட்டிக்கொண்டு இரட்டையாகக் கிடப்பவைதான் அதிகம். வடக்கே எந்தக் களை மிகுதி என்பது காட்பாடியில் உட்கார்ந்தபடியே தெரிந்துவிடுகிறது.

தண்ணீர் பட்டதும் அது நகர்ந்தது. நிஜமாகவே உயிர் இருக்கிறதா?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்குக் குஷி. வால் ஒடியாத ஒரு விதையை எடுத்து, வெள்ளைத் தாளில் வைத்து, மடங்கின இடத்துக்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கொஞ்ச நேரத்தில் வால் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். கடிகார முள் போல மேல்பாதி வட்டம் போடும், கூடவே விதையும் புரளும். ஒருமுறை மில்லில் நின்ற பையன் ஒருவன் பயந்துபோய் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அப்புறம் அவனே நாலு சொட்டு விட்டுப் பார்த்தான்.

உள்ளே உயிர் இருப்பது உண்மை, ஆனால் அசைவதற்கு அது காரணமில்லை. செத்த விதையின் வாலும் இப்படித்தான் சுற்றும். முறுக்கியிருக்கும் பகுதியில் நார்கள் சாய்வாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஈரம் இழுத்தால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். இரவுப் பனியில் அவிழ்ந்து, பகல் வெயிலில் முறுக்கி, இப்படியே நாள்கணக்கில் உந்தி உந்தி விதை மண் வெடிப்புக்குள் இறங்கிவிடும். அடியில் உள்ள மயிர் எல்லாம் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் உள்ளே போனது திரும்பி வராது. தானே உழுதுகொண்டு போகிற விதை. இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1665இலேயே இந்த வாலை நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தார். அதை வைத்துக் காற்றின் ஈரப்பதம் காட்டும் கருவியே செய்யலாம் என்றும் காட்டினார்.

பயிர் ஓட்ஸுக்கு இந்த வித்தை மறந்துபோய்விட்டது. அதைத்தான் மனிதன் கையால் மண்ணில் போட்டு மூடுகிறானே.

ஒன்று உதிர்கிறது, இன்னொன்று உதிர்வதில்லை. ஏன் இப்படி?

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்தமும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

காட்டுப் புல்லுக்கு விதை உதிர்ந்தால்தான் வாழ்வு. முற்றிய விதை கதிரிலேயே உட்கார்ந்திருந்தால் குருவி தின்னும், எலி தின்னும். ஆகவே விதை முற்றும்போதே அடியில் மெல்லிய ஒரு பிரிபடலம் உருவாகிவிடும். காற்று லேசாக அடித்தாலும் கழன்றுவிடும். நாம் பார்த்த லாட வடு அந்தப் படலம் பிரிந்த தழும்புதான்.

இப்போது அரிவாளோடு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்தது நிலத்துக்கு, நின்றது களத்துக்கு. களத்துக்குப் போனதுதான் அடுத்த ஆண்டு விதை. ஆயிரம் செடியில் ஏதோ ஒன்றிரண்டில் பிறவிக் கோளாறாக விதை உதிராமல் நின்றிருக்கும். காட்டில் அது குறை. களத்தில் அதுவே தகுதி ஆகிவிட்டது. வருடா வருடம் அந்தக் குறையுள்ளதையே அள்ளி அள்ளி விதைத்ததில் உதிராத பயிர் உண்டானது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை.

விதைத் தூக்கமும் இப்படித்தான். காட்டு ஓட்ஸ் விதைகள் எல்லாம் ஒரே மழையில் முளைக்காது. சில இந்த வருடம், சில அடுத்த வருடம், சில மண்ணுக்குள் இன்னும் பல வருடம் தூங்கும். ஒரு வருடம் வறட்சி வந்து முளைத்ததெல்லாம் கருகினாலும் வம்சம் அழியாது. பயிர் ஓட்ஸில் அந்தத் தூக்கம் ஏறக்குறைய போய்விட்டது. விதைத்த வாரத்தில் மொத்தமும் எழுந்துவிடும். விவசாயிக்கு அதுதானே வேண்டும்?

இதைப் புரிந்துகொள்ள ஓட்ஸ் வயலுக்குப் போக வேண்டியதில்லை. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் கேழ்வரகுக் கொல்லையில் களை வெட்டியவர்களைக் கேளுங்கள். கேழ்வரகு நாற்றைப் போலவே ஒரு புல் நடுவில் நிற்கும். அடித்தண்டைப் பார்த்தால் தட்டையாக வெளுத்திருக்கும், கதிர் விட்டால் கேழ்வரகு விரல்களை ஒல்லியாக்கினது போல இருக்கும். எல்யூசின் இண்டிகா என்ற அந்தப் புல் கேழ்வரகின் பேரினம்தான். வயலில் பயிர் போலவே தெரிகிற புல் களைக்கொட்டுக்குத் தப்பிவிடும், வித்தியாசமாகத் தெரிவது மாட்டிக்கொள்ளும். நாம் களையெடுக்க எடுக்க, களை பயிரைப் போல மாறிக்கொண்டே வருகிறது.

காட்டு ஓட்ஸிலிருந்துதானே பயிர் ஓட்ஸ் வந்தது?

ஆமாம், ஆனால் ஃபாட்டுவாவிலிருந்து இல்லை. ஸ்டெரிலிஸ்தான் மூதாதை என்பதே இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது. ஃபாட்டுவா அதே வம்சத்தில் வந்த இன்னொரு கிளை.

சுவாரசியமான விஷயம் வேறு. கோதுமையையும் பார்லியையும் மனிதன் தானியத்துக்காகவே வளர்த்தான். ஓட்ஸை யாரும் அழைக்கவில்லை. மேற்கு ஆசியாவில் அந்த வயல்களில் களையாக நின்று, கோதுமை விதையோடு கலந்து ஐரோப்பாவுக்குப் போனது. வடக்கே போகப்போகக் குளிரும் மழையும் கூடின, மண் மோசமானது, கோதுமை தள்ளாடியது. ஆனால் ஓட்ஸ் தாக்குப்பிடித்தது. ஏறக்குறைய 3000 ஆண்டுகளுக்கு முன், இதுவே பரவாயில்லையே என்று அதையே விதைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ரஷ்ய விஞ்ஞானி நிகோலாய் வாவிலோவ் இப்படிக் களையாக வந்து பயிரானவற்றை இரண்டாம் நிலைப் பயிர்கள் என்று பிரித்துச் சொன்னார். ரை தானியமும் அப்படி வந்ததுதான். வீட்டு வேலைக்கு வந்தவர் வீட்டையே வாங்கின கதை.

பயிராக்குவதற்கு வெகுகாலம் முன்பே காட்டு ஓட்ஸைச் சேகரித்துத் தின்றிருக்கிறார்கள். யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் 11,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு குடியிருப்பில் காட்டு பார்லியோடு 1,20,000 காட்டு ஓட்ஸ் மணிகள் கிடைத்தன. எனக்கு அதைவிடப் பிடித்தது இத்தாலியின் தெற்கே பாலிச்சி குகையில் கிடைத்த ஓர் அரைப்புக் கல். 32,000 ஆண்டுப் பழசு. அதில் ஒட்டியிருந்த மாவுத் துகள்களில் அதிகம் இருந்தது ஓட்ஸ். அரைப்பதற்கு முன் தானியத்தைச் சூடாக்கி உலர்த்தினதற்கும் அடையாளம் இருந்தது. வறுத்து அரைக்கச் சொல்லி என் மில்லுக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தால் கலந்துவிடுமா?

கலக்கும், ஆனால் குறைவு. ஓட்ஸ் பூ திறப்பதற்குள் தன் மகரந்தத்தாலேயே சூலாகிவிடும் இனம். அரிதாகக் கலந்தாலும் பிறக்கிற செடி மலடாக இருக்காது, விதை கொடுக்கும். இது விவசாயிக்குத் தலைவலி, ஆராய்ச்சியாளருக்கு வரம். ஓட்ஸுக்கு வருகிற கிரீடத் துரு நோயைத் தாங்கும் மரபணுக்களை ஸ்டெரிலிஸ் காட்டு ஓட்ஸிலிருந்துதான் பயிருக்குக் கொண்டுவந்தார்கள். உதவாதது என்று பெயர் வாங்கின குடும்பம்!

செடியாக நிற்கும்போது பார்த்தால் தெரியுமா?

ஓட்ஸ் இரண்டையும் இளம் செடியில் பிரிப்பது கஷ்டம். கோதுமைக்கும் ஓட்ஸுக்கும் வித்தியாசம் பார்க்கலாம். இலை தண்டைத் தழுவும் இடத்தில் கோதுமைக்கு இரண்டு சின்னக் காதுகள் இருக்கும், ஓட்ஸுக்குக் காது இல்லை. இலையும் கோதுமையில் ஒரு பக்கம் முறுக்கினால் ஓட்ஸில் எதிர்ப்பக்கம் முறுக்கும்.

கதிர் வந்துவிட்டால் குழப்பமே இல்லை. ஜவ்வாது மலையில் சாமைக் கொல்லை பார்த்திருக்கிறீர்களா? தளர்ந்து, விரிந்து, தலை சாய்த்துத் தொங்குமே, ஓட்ஸ் கதிரும் அதே சாயல். சாமை மணி கடுகு போல இருக்கும், ஓட்ஸின் சிறுகதிர் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல், காதில் போடும் லோலாக்கு மாதிரி தொங்கும். காட்டு ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமைக்கு மேலே தலை நீட்டி நிற்கும். ஆனால் அது தெரிகிற நேரத்தில் மருந்தடிக்கும் பருவம் கடந்திருக்கும். வடக்கே குளோடினாஃபாப் போன்ற களைக்கொல்லி தெளிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் அந்த வகை மருந்துக்குச் சாகாத காட்டு ஓட்ஸ் வந்து வெகுநாள் ஆகிறது.

நம்ம வேலூர் பக்கம் காட்டு ஓட்ஸ் முளைக்குமா? புடைத்த கழிவைக் குப்பைமேட்டில் போடலாமா?

வேலூர் சமவெளி வயலில் நான் இதுவரை பார்த்ததில்லை. அது குளிர்காலப் புல். இங்கே கார்த்திகை, மார்கழியில் முளைத்தாலும் மாசி வெயில் பிடிக்கும்போது திணறிவிடும். மில் வாசலில் தொட்டியில் நானே பத்து விதை போட்டுப் பார்த்தேன். நான்கு முளைத்தன, ஒன்று மட்டும் இரண்டு மூன்று சிறுகதிர் விட்டுவிட்டுக் காய்ந்தது. மற்ற ஆறும் தூங்கினவா செத்தவா என்று பார்ப்பதற்குள் பூனை தொட்டியைக் கிளறிவிட்டது.

கழிவைக் கோழிக்குப் போடலாம், அல்லது எரித்துவிடலாம். ஏலகிரி, ஊட்டி மாதிரிக் குளிர்ந்த இடத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் மட்டும் எருக்குழியில் கொட்ட வேண்டாம்.

தெரியாமல் கோதுமையோடு அரைபட்டுவிட்டால் ஆபத்தா?

விஷம் இல்லை. மாவில் கறுப்புப் புள்ளி தெரியும், உமி நாக்கில் நெருடும், அவ்வளவுதான். கோதுமையில் பயப்பட வேண்டிய கழிவு ஊமத்தை விதை மாதிரியானவை. காட்டு ஓட்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் காட்டு ஓட்ஸையே கஞ்சி காய்ச்சலாமே?

உமிக்குள் இருக்கும் பருப்பு உண்ணத்தக்கதுதான். ஸ்டெரிலிஸில் புரதம் பயிர் ஓட்ஸைவிடக் கூடுதலாகவே இருக்கும். பிரச்சினை உமியில். பயிர் ஓட்ஸிலேயே எடையில் கால்பங்குக்கு மேல் உமி, காட்டு ஓட்ஸில் மணி மெலிந்தது, உமி தடித்தது. அந்த மயிரும் வாலும் தொண்டையில் சிக்கும். நான் ஒரு கைப்பிடி உரித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அரைமணி நேரத்தில் ஒரு தேக்கரண்டி கூட வரவில்லை, விரல் நுனி எல்லாம் குத்தல். கில்கால் ஆட்களுக்குப் பொறுமை அதிகம்.

கடையில் வாங்கிய ஓட்ஸை விதைத்தால் முளைக்குமா?

முளைக்காது. அது உமி நீக்கி, ஆவியில் வேகவைத்து, உருளையில் தட்டையாக்கியது, அவல் மாதிரி. ஆவி காட்டுவதற்குக் காரணம் உண்டு. ஓட்ஸில் கொழுப்பு 7 சதவீதம் அளவுக்கு இருக்கிறது, அரிசி, கோதுமையைவிட மிக அதிகம். கொழுப்பைச் சிதைக்கும் நொதியும் உள்ளேயே இருக்கிறது. சூடு காட்டி அதைக் கொல்லாவிட்டால் சீக்கிரமே காறல் அடித்துவிடும்.

மாட்டுக்குத் தீவன ஓட்ஸ் போடலாமா? பொய்கைச் சந்தையில் ஒருவர் பால் கூடும் என்றார்.

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குப் போய்விட்டு வருகிறவர்களிடமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ஓட்ஸ் நல்ல தீவனம் என்பதில் சந்தேகமே இல்லை. தண்டு மென்மையானது, இனிப்பானது, மாடு வீணாக்காமல் தின்னும். சோளத்தில் இளம் பயிரைத் தின்றால் வருகிற சயனைடு பயம் இதில் கிடையாது. கென்ட் என்ற ரகம் நாடு முழுக்கத் தெரிந்தது. ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களும் இருக்கின்றன.

ஆனால் இது 15 முதல் 25 டிகிரி வெப்பம் விரும்பும் பயிர். பஞ்சாபில் குளிர்காலம் முழுக்க நின்று எக்டேருக்கு 40, 50 டன் பசுந்தீவனம் தரும். வேலூரில் அதற்குக் கிடைக்கிற குளிர் இரண்டு இரண்டரை மாதம். ஐப்பசிக் கடைசியில் விதைத்தால் பூக்கும் தறுவாயில், தையில் ஒரு வெட்டு எடுக்கலாம். மறுதாம்பு நம்பி உட்கார வேண்டாம். ஏக்கருக்கு 40 கிலோ விதை ஆகும், அதுவும் வெளியூரிலிருந்து வர வேண்டும். கையில் கம்பு நேப்பியர் கோ 4 என்ற தீவனப் புல்லின் கரணை இருந்தால், ஒரு முறை நட்டுவிட்டு வருடம் முழுக்க வெட்டலாம். இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருப்பவருக்கு ஓட்ஸ் தேவையில்லை என்பது என் எண்ணம். ஆசைக்கு ஐந்து சென்ட் போட்டுப் பார்க்கிறவரைத் தடுக்கவும் மாட்டேன். விரிஞ்சிபுரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. யூரியாவை அள்ளிப் போட்டு, அப்புறம் தண்ணீர் இல்லாமல் வாடவிட்ட ஓட்ஸில் நைட்ரேட் தேங்கும், மாட்டுக்கு அது நஞ்சு. காயவைத்தாலும் நைட்ரேட் குறையாது. அப்படி வாடின பயிரை ஒரேயடியாகப் பசித்த மாட்டுக்குப் போடாதீர்கள். வைக்கோலோடு கலந்து கொஞ்சமாகப் பழக்குங்கள்.

குதிரைக்கு ஓட்ஸ் என்கிறார்களே, அந்தக் காலத்தில் இங்கேயும் அப்படித்தானா?

ராணிப்பேட்டை வெள்ளைக்காரன் குதிரைப்படை இருந்த ஊர்தான். ஆனால் தென்னாட்டில் குதிரைக்குக் கொள்ளுதான். வேகவைத்த கொள்ளு. இங்கே விளைவதை விட்டுவிட்டு ஓட்ஸை யார் கப்பலில் கொண்டுவருவார்கள்?

சர்க்கரை இருக்கிறது. ஓட்ஸா, கேழ்வரகா?

மருத்துவர் சொல்வதுதான் முதல். மாவு அரைக்கிறவன் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஓட்ஸின் பெருமை பீட்டா குளுக்கன் என்ற வழவழப்பான நார்ச்சத்து. கஞ்சி ஆறினால் கொழகொழ என்று ஆவது அதனால்தான். ஒரு நாளைக்கு 3 கிராம் உள்ளே போனால் இதய நோய் அபாயம் குறையலாம் என்று விளம்பரப்படுத்திக்கொள்ள அமெரிக்காவில் 1997இல் அனுமதி கொடுத்தார்கள். 40 கிராம் ஓட்ஸில் ஒன்றரை கிராம் போல இருக்கும். ஆக, ஒரு கிண்ணத்தில் அந்த அளவு வராது. சுடுநீர் ஊற்றினாலே வெந்துவிடும் மசாலாப் பொட்டலம் சர்க்கரையை வேகமாக ஏற்றும். தடித்த அவலாக இருப்பது மேல்.

புரதத்தில் ஓட்ஸ் முந்தும், 100 கிராமுக்கு 13 கிராம் போல. கேழ்வரகில் 7தான். சுண்ணாம்புச் சத்தில் கேழ்வரகு 340 மில்லிகிராம் அளவில் நிற்கும், ஓட்ஸ் பக்கத்தில் வர முடியாது. விலையைப் பாருங்கள், யார் விளைவித்தது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் காலையில் கேழ்வரகுக் கூழ்தான். மாமனார் மட்டும் ஓட்ஸ், அதுவும் மோரும் சின்ன வெங்காயமும் போட்டு.

ஓட்ஸுக்குத் தமிழில் காடைக்கண்ணி என்று போடுகிறார்களே, சரியா?

எழுத்தில் அப்படிப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பெயரைச் சிறுதானியத்துக்கும் சொல்வதுண்டு. அதனால் குழப்பம் வருகிறது. வேலூர் லாங்கு பஜாரில் போய் காடைக்கண்ணி அரைக்கிலோ கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். ஓட்ஸ் என்றே சொல்லுவோம். ரொட்டி, பிஸ்கட் எல்லாம் தமிழாகவில்லையா?

ஹோமியோபதிக் கடையில் அவினா சட்டைவா என்று ஒரு பாட்டில் இருக்கிறதே?

அது பயிர் ஓட்ஸின் பச்சைச் செடியிலிருந்து எடுப்பது. காட்டு ஓட்ஸ் இல்லை. அதற்குமேல் கேட்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

மில்லில் ஓட்ஸ் அரைத்துத் தருவீர்களா?

தருவோம். கொழுப்பு இருப்பதால் கல் சூடானால் ஈஷிக்கொள்ளும். காலையில் மெஷின் குளிர்ந்திருக்கும்போது கொண்டுவாருங்கள், ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம், மாவை இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். லேசாக வறுத்து, நன்றாக ஆறவைத்துத் தந்தால் இன்னும் நல்லது.

கோதுமை ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால் மட்டும் என் மில்லுக்கு வர வேண்டாம், வீட்டு மிக்ஸியில் அடித்துக்கொள்ளுங்கள். ஓட்ஸில் கோதுமையின் குளூட்டன் இல்லை, ஆனால் எங்கள் கல்லில் எப்போதும் கோதுமை மாவு ஒட்டியிருக்கும். கேழ்வரகு விட்டு ஓட்டினாலும் முழுதாகப் போகாது. அப்புறம், கோதுமை புடைக்கும்போது வால் ஒடியாத கறுப்பு விதை கிடைத்தால் ஒரு தாளில் மடித்து எடுத்துவாருங்கள். போன வாரம் ஒரு பையன் தண்ணீர் விட்டு விட்டு என் பாட்டிலில் பாதியைக் காலி செய்துவிட்டான்.